மரகதம் மகளிர் விடுதியில் இடம் இருக்கிறது

ஆமா, வந்துச்சு. காமாலை வந்தது உண்மைதான். கேட்டதுக்கு நேரா பதில் சொல்லிட்டேன் பாருங்க, மறைக்கல. ஆனா கீழ ஜெராக்ஸ் கடையில விசாரிச்சீங்கல்ல, அந்த உலகநாதன் சொன்னதை மட்டும் வெச்சு முடிவு பண்ணிடாதீங்க. அவரு என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியும். "மரகதம் வீடா? போன வருஷம் அங்கதானே..."ன்னு ஆரம்பிச்சுட்டு, மிச்சத்தைச் சொல்லாம சிரிச்சிருப்பாரு. அப்படித்தானே? எத்தனை பேரைப் பாத்துட்டேன்.

உக்காருங்க. பாப்பா, நீயும் உக்காரும்மா. என்ன படிக்கப் போற? பி.காமா? நல்ல படிப்பு. ஃபேன் போடட்டுமா?

முழுசாக் கேட்டுட்டு அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க. உங்க பொண்ணை விடப் போற எடம், நீங்க கேக்கறது நியாயம்தான். நானும் பொண்ணு பெத்தவ.

பஸ்ஸுல ஏறி என்னன்னு டிக்கெட் கேட்டீங்க? பின்கேட்டுன்னுதானே? ஊருக்கு நெடுவயல்னு பேரு. இப்ப அந்தப் பேரு ரேஷன் கார்டுல மட்டும்தான் இருக்கு. பல்கலைக்கழகம் கட்டறதுக்கு எங்க நிலம் எல்லாம் எடுத்துக்கிட்டாங்க. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலைன்னாங்க. எங்க வீட்டுக்காரருக்குத் தோட்ட வேலை கொடுத்தாங்க, அதுவும் காண்ட்ராக்டுல. அதுக்காக நான் அழுதேன்னு நெனைக்காதீங்க. அந்த நிலத்துல என்ன வெளஞ்சுச்சு? மழை பேஞ்சா எள்ளு, பேயலைன்னா ஒண்ணுமில்ல. அவங்க மதில் எழுப்பி, பின்னாடி ஒரு கேட்டு வெச்சாங்க பாருங்க, அதுதான் எங்களுக்கு வெளைச்சல். கேட்டுக்கு நேரெதிர்ல எங்க வீடு. கூரையைப் பிரிச்சு ஓட்டு வீடாக்கி, அதை இடிச்சு மெத்தை வீடாக்கி, மேல ஒரு மாடி, அதுக்கு மேல இன்னொரு மாடி. என் கழுத்து, காது எல்லாம் அந்த ரெண்டாவது மாடியிலதான் இருக்கு.

எனக்கு மட்டும் இல்ல, தெருவுக்கே அப்படித்தான். மே மாசம் லீவு விட்டப்புறம் வந்து பாருங்க. டீக்கடைக்காரரு பெஞ்சைக் கவுத்துப் போட்டுட்டு அது மேலயே படுத்திருப்பாரு. அயர்ன் கடைக்காரரு கட்டட வேலைக்குப் போயிடுவாரு. தையக்கடை அக்கா பூட்டிட்டு மக வீட்டுக்குப் போயிடும். நாய்ங்க கூட மெயின் ரோட்டுப் பக்கம் போயிடும்னா பாத்துக்கங்க. ஜூன் கடைசியில பொண்ணுங்க பெட்டியை உருட்டிக்கிட்டு வர்ற சத்தம் கேட்டாத்தான் எங்களுக்கு மூச்சு வரும். அந்தப் புள்ளைங்க தின்னாத்தான் நாங்க திங்க முடியும். இதைச் சொல்ல எனக்கு என்ன வெக்கம்?

அப்படி இருக்கறப்ப, மதிலுக்கு அந்தப் பக்கம் அவங்களே லேடீஸ் ஹாஸ்டல் கட்டிட்டாங்க. ஏழு மாடி. ஜன்னல்ல பாருங்க, தெரியுது. கட்டி முடிச்சும் பாதி காலி. எந்தப் பொண்ணு போகும்? ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிடுவாங்க, வாடகையும் ஜாஸ்தி. புள்ளைங்க எங்ககிட்டதான் இருந்துச்சுங்க. அது அவங்களுக்கு ஆகல. வெளியில தங்கறது பாதுகாப்பு இல்ல, சுத்தம் இல்லன்னு சொல்லறதுக்கு ஒரு காரணம் கெடைக்காதான்னு காத்துக்கிட்டே இருந்தாங்க.

அந்த நேரத்துலதான் காமாலை.

மொதல்ல வந்தது என் வீட்டுல இல்ல. அதை நல்லா மனசுல வெச்சுக்கங்க. அடுத்த தெருவுல பசங்க ரூமு. ரெண்டு பசங்க படுத்தாங்க, ஊருக்கு அனுப்பி வெச்சாங்க. அன்னைக்கே உலகநாதன் எங்களையெல்லாம் அவரு கடைக்குள்ள கூப்பிட்டு ஷட்டரைப் பாதி எறக்கிட்டுப் பேசினாரு. அவருதான் வியாபாரிங்க சங்கத்துக்குச் செயலாளரு.

"யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் யுனிவர்சிட்டி டிஸ்பென்சரிக்கு அனுப்பக் கூடாது. அங்க போனா எழுதி வெப்பான். எழுதினா மறுநாளே மேல போயிரும். அதுக்கப்புறம் இந்தத் தெருவுல ஒரு புள்ளை தங்காது. நேரா ஊருக்கு பஸ் ஏத்திடுங்க."

இது அவரு வாயால சொன்னது. இன்னைக்கு அவரு என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு!

நாங்க எல்லாரும் சரின்னோம். எங்க வீட்டுக்காரரு மட்டும், "ஏப்பா, தண்ணியில ஏதாச்சும் கோளாறா இருந்தா?"ன்னு கேட்டாரு. அவரு எப்பவும் இப்படித்தான், எடம் தெரியாமப் பேசுவாரு. நான் தொடையில ஒரு இடி இடிச்சேன்.

என் வீட்டுல ரெண்டாவது மாடியில மாதேஸ்வரின்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. பென்னாகரம் பக்கம். எம்.எஸ்சி. தாவரவியல் மொத வருஷம். தங்கமான பொண்ணுங்க. கேப்பை மாவு ஊருலேருந்து கொண்டு வந்து வெச்சுக்கிட்டு அதையே களி கிண்டித் தின்னும். வெளியில ஒரு டீ வாங்கிக் குடிக்காது. மத்த புள்ளைங்க கடைத் தண்ணி, ஜூஸுன்னு போகும். இது நம்ம கொழாயைத் திறந்து சொம்புல புடிச்சுக் குடிச்சுட்டுப் போயிடும். அவ்வளவு சிக்கனம். நம்ம போர்த் தண்ணி கற்கண்டு மாதிரி இருக்கும்னு அதுவே சொல்லும். எங்களுக்குத்தான் வயசாயிடுச்சா, வயித்துக்கு ஒத்துக்கல, நானும் எங்க வீட்டுக்காரரும் கேன் தண்ணிக்கு மாறிட்டோம்.

ஒரு நாள் காலையில அது கிளாஸுக்குப் போகல. போய்ப் பாத்தேன். போர்வையைச் சுத்திக்கிட்டு ஒடுங்கிக் கெடக்குது. ஒடம்பு கொதிக்குது. "ஒண்ணுமில்ல ஆன்ட்டி, சரியாயிடும்"னு சொல்லுச்சு. மெளகு ரசம் வெச்சுக் கொடுத்தேன், அப்படியே வாந்தி எடுத்துருச்சு. மறுநாள் கண்ணைப் பாத்தேன். மஞ்சள்.

"ஆன்ட்டி, நான் டிஸ்பென்சரிக்குப் போறேன். கூட வர்றீங்களா?"

அந்தக் கேட்டைத் தாண்டினாப் போதும், டிஸ்பென்சரி. நடந்தே போயிடலாம். அதுதான் எனக்குப் பயம். நான் சொன்னேன், "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே கெடையாதும்மா. கீழாநெல்லியை அரைச்சு மோருல தர்றேன், ஒரு வாரத்துல எந்திரிச்சு ஓடுவ." பொய் இல்லீங்க. எங்க அப்பாவுக்கு அப்படித்தான் சரியாச்சு.

ஊருக்கு அனுப்பச் சொல்லித்தானே சங்கத்துல பேசினோம், ஏன் அனுப்பலைன்னு நீங்க கேக்கலாம். அது நிக்கவே முடியாமக் கெடக்குது, எப்படி அனுப்பறது? பஸ்ஸுல விழுந்துட்டா யாரு பதில் சொல்றது? சரி, கொஞ்சம் தெளியட்டும்னு வெச்சுக்கிட்டேன். யாரு செய்வா சொல்லுங்க. வாந்தி எடுத்த பாத்திரத்தை நான்தான் கழுவினேன். அம்மா மாதிரித்தான் பாத்துக்கிட்டேன்.

அது ரூமுல இன்னொரு பொண்ணு, ஷர்மிளான்னு, பரமக்குடி. வாய் கொஞ்சம் நீளம். "ஆன்ட்டி, இது ஹாஸ்பிடல் கேஸ். பிளட் டெஸ்ட் எடுக்கணும்"னு என்கிட்டயே சத்தம் போட்டுச்சு. தொத்திக்கும்னு சொல்லி அதைக் கீழ் மாடிக்கு எறக்கிட்டேன். மேல இருந்த எல்லாப் புள்ளைங்களையும் எறக்கிட்டேன். மாடிப்படியில ஒரு கிரில் கேட்டு இருக்குல்ல, அதைப் பூட்டி வேப்பிலையைச் சொருகி வெச்சேன். அம்மை போட்டிருக்குன்னு சொன்னேன். அம்மைன்னா யாரும் கிட்ட வரமாட்டாங்க, ஆஸ்பத்திரிக்குப் போன்னும் சொல்ல மாட்டாங்க. போனையும் வாங்கி வெச்சுக்கிட்டேன். அந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது இல்லையா?

என்ன பாக்கறீங்க? பூட்டினது மத்த புள்ளைங்களோட பாதுகாப்புக்கு. உங்க பொண்ணு இங்க தங்கியிருந்து பக்கத்து ரூமுல காமாலைன்னா, நான் பூட்டணும்னுதானே நீங்க நெனைப்பீங்க?

அப்படி இருக்கறப்ப ஒரு நாள் மத்தியானம் யுனிவர்சிட்டி டிஸ்பென்சரியிலேருந்து ஒரு நர்ஸம்மா வந்து வாசல்ல நிக்குது. சின்ன வயசு. பசங்க ரூமு விஷயம் எப்படியோ கசிஞ்சிடுச்சு. வீடு வீடா விசாரிச்சுக்கிட்டு வருது.

"யாருக்காவது காய்ச்சல், வாந்தி இருக்காம்மா?"

"எல்லாம் கிளாஸுக்குப் போயிருக்குங்க மேடம்."

"மாடியில?"

"அம்மை போட்ட பொண்ணு ஒண்ணு படுத்திருக்கு. வேப்பிலை கட்டியிருக்கேன் பாருங்க."

"எனக்குச் சின்ன வயசுலயே அம்மை வந்து போயிருச்சு. நான் ஒரு தடவை பாத்துடறேன்."

சொல்லிக்கிட்டே படியில கால் வெச்சுட்டா. சாவி என் இடுப்புல. குறுக்க போய் நின்னேன். "மேடம், வெளியாளு வந்துட்டுப் போன வீட்டுல ஆத்தா எறங்க மாட்டா. தப்பா நெனைக்காதீங்க. தண்ணி ஊத்தினப்புறம் நானே கூட்டிக்கிட்டு வந்து காட்டறேன்." அவளும் நம்ம ஊர்ப் பொண்ணுதானே, ஆத்தான்னதும் கால் பின்னால வந்துருச்சு.

அந்த நேரம் பாத்து மேலேருந்து சத்தம். டங்... டங்... டங்... சொம்பை எடுத்து கிரில்ல தட்டுது அந்தப் பொண்ணு. எப்படி எந்திரிச்சு வந்துச்சோ! "ஆன்ட்டி... ஆன்ட்டி..."ன்னு ஒரு குரலு, பூனைக்குட்டி கத்தற மாதிரி.

"என்ன சத்தம்?"ன்னு நர்ஸம்மா மேல பாக்குது.

நான் கையை நீட்டி மோட்டார் சுவிட்சைப் போட்டுட்டேன். மோட்டார் பழசு, போட்டா வீடே அதிரும். "தண்ணி ஏத்தற நேரம் மேடம், பைப்பு இப்படித்தான் இடிக்கும்"னேன். அந்தம்மா காதைப் பொத்திக்கிட்டு என்னமோ எழுதிக்கிட்டுப் போயிடுச்சு. அது தெரு முனை திரும்பற வரைக்கும் நான் மோட்டாரை நிறுத்தல. டேங்கு ரொம்பி, மொட்டை மாடியிலேருந்து தண்ணி சுவத்துல ஊத்துது. நான் நிறுத்தல.

மேல போய்ப் பாத்தேன். கிரில்லுக்கு அந்தப் பக்கம் தரையில உக்காந்திருக்கு, சொம்பு கையில. "தண்ணி தாகமா இருந்துச்சு ஆன்ட்டி"ன்னு சொல்லுச்சு. தண்ணிக்குத்தான் தட்டியிருக்கு. நான் எதையோ நெனைச்சுப் பயந்துட்டேன். கீழ போய் ஒரு பெரிய சொம்பு நெறைய புடிச்சுக்கிட்டு வந்து கொடுத்தேன். மடமடன்னு குடிச்சுச்சு, பாவம்.

அன்னைக்குச் சாயங்காலம் உலகநாதன் வந்தாரு. "யுனிவர்சிட்டி செக்யூரிட்டி ஆபீசரு கேக்கறாரு. காமாலைக்குக் காரணம்னு எதையாச்சும் காட்டணும். காட்டலைன்னா எல்லார் வீட்டுத் தண்ணியையும் டெஸ்ட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க"ன்னாரு. எதைக் காட்டறது? கேட்டுக்குப் பக்கத்துல ஜெபராஜ்னு ஒருத்தரு சர்பத் கடை போட்டிருந்தாரு. திசையன்விளைக்காரரு. நன்னாரி சர்பத், சாத்துக்குடி ஜூஸு. நம்ம ஊருக்காரரு இல்ல, சங்கத்துலயும் சேரல. ஐஸ்கட்டி எங்கேருந்து வருதுன்னு யாருக்குத் தெரியும்? அதுதான் காரணமா இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

மறுநாள் எல்லாருமாப் போனோம். தார்ப்பாயை அவுத்தாங்க, ஐஸ் பெட்டியைக் கவுத்தாங்க. சாத்துக்குடி எல்லாம் ரோட்டுல உருளுது. ஜெபராஜ் ஒரு கேன் தண்ணியைத் தூக்கித் தூக்கிக் காட்டறாரு. "சீல் உடைக்காத கேனுய்யா! பில்லு இருக்குய்யா! நான் ஒருத்தன்தான்யா இந்தத் தெருவுல காசு கொடுத்து வாங்கின தண்ணியில யாவாரம் பண்றேன்!"

செக்யூரிட்டி ஆபீசரு என்னைப் பாத்து, "ஏம்மா, உங்க வீட்டுப் பொண்ணுங்க இங்க ஜூஸ் குடிப்பாங்களா?"ன்னு கேட்டாரு.

ஜெபராஜ் என்னைத் திரும்பிப் பாத்தாரு. "அக்கா, பாத்துச் சொல்லுங்க"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

"குடிப்பாங்க சார்"னேன். அதுல பொய் என்ன இருக்கு? எந்தப் பொண்ணு ஜூஸ் குடிக்காம இருக்கும்?

இதோட முடிஞ்சிடும்னுதான் நெனைச்சோம். தெருவே நிம்மதியா மூச்சு விட்டுச்சு. ஆனா அந்த ஷர்மிளா சும்மா இருக்கல. நான் கோயிலுக்குப் போன நேரம், கிரில் கம்பி வழியா அதோட போனை நீட்டியிருக்கு. மாதேஸ்வரி அப்பாவுக்குப் பேசிடுச்சு.

விடிஞ்சு வாசல் தெளிக்கக் கதவைத் திறக்கறேன், ஒரு ஆளு நிக்கறாரு. மஞ்சப்பை. செருப்பைத் தெருவுலயே கழட்டிட்டாரு. மாதையன்னு பேரு. ராத்திரி பூரா பஸ்ஸு மாறி மாறி வந்திருக்காரு.

"பாப்பாவுக்கு ஒடம்புக்கு முடியலைன்னு சேதி வந்துதுங்கம்மா."

கூட்டிக்கிட்டுப் போனேன். கிரில்லைத் திறந்தேன். அவரு வேப்பிலையைப் பாத்துட்டுக் கும்பிட்டுக்கிட்டே உள்ள வந்தாரு. அந்தப் பொண்ணு கண்ணைத் திறந்து அவரைப் பாத்துச்சு. பாத்துட்டு, "குட் மார்னிங் சார்"னு சொல்லுச்சு.

அவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. "என்னைத்தாங்களா சொல்லுது?"

"தூக்கக் கலக்கம்ண்ணே"ன்னேன். "காமாலை எறங்கிக்கிட்டு இருக்கு. வீட்டு மருந்துதான் இதுக்கு. ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க. உங்க பக்கம் கீழாநெல்லி கெடைக்கும்ல? மலையடிவாரம், நல்ல காத்து. பத்து நாள்ல அனுப்பி வெச்சிடலாம்."

நம்புவீங்களா, அவரு ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டாரு. "சொந்தப் பொண்ணாட்டம் வெச்சுப் பாத்திருக்கீங்க. உங்க குடும்பம் நல்லா இருக்கணும்"னாரு. பெத்தவரே சொன்னது இது. உலகநாதன்கிட்ட இதைக் கேட்டீங்களா?

ஷர்மிளா படிக்கு நடுவுல வந்து நின்னுக்கிச்சு. "அப்பா, ஊருக்குக் கொண்டு போகாதீங்க! பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க! அதுக்கு உங்களையே அடையாளம் தெரியல, இன்னுமா உங்களுக்குப் புரியல?"

அவரு அந்தப் புள்ளையைப் பாக்கறாரு, என்னைப் பாக்கறாரு. யாரை நம்பறதுன்னு தெரியல. வயசுல பெரியவ நான்தானே? "சின்னப் புள்ளை, பயந்து போய்ப் பேசுது"ன்னு சொன்னேன். வழிக்குக் குடிக்க ரெண்டு பாட்டில் தண்ணி புடிச்சுக் கொடுத்தேன். ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தேன். எங்க வீட்டுக்காரரு கூடப் போயி பஸ் ஸ்டாப்புல விட்டாரு. சேலம் பஸ்ஸு வந்துடுச்சுன்னா முடிஞ்சுது. நான் வாசல்லயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

பஸ்ஸு வந்துச்சு. அப்பாக்காரரு பொண்ணைத் தாங்கிப் புடிச்சு எந்திரிக்க வெச்சாரு. அது ரெண்டு அடி வெச்சுச்சு, அப்படியே சரிஞ்சிடுச்சு. வாந்தி. வாந்தியில ரத்தம். கண்டக்டரு பாத்துட்டு விசிலடிச்சுட்டாரு. பஸ்ஸு போயிருச்சு.

தெரு பூராக் கடை திறந்திருக்கு. ஒருத்தரும் வெளிய வரல. எப்படி வருவாங்க? வந்தா என்ன ஏதுன்னு பேச்சு ஆகும். உலகநாதன் ஷட்டரைப் பாதி எறக்கறதை நான் இந்தக் கண்ணால பாத்தேன்.

ஜெபராஜ் அன்னைக்குத்தான் ஒரு குட்டியானை வண்டி புடிச்சுக்கிட்டு வந்து, உடைஞ்ச பெஞ்சு, மிக்சி எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு இருந்தாரு. பாத்தாரு. ஏத்தினதை எல்லாம் ரோட்டுல எறக்கிப் போட்டாரு. அந்தத் தார்ப்பாயை விரிச்சாரு. பொண்ணை ரெண்டு கையில தூக்கி வண்டியில படுக்க வெச்சாரு. அப்பாக்காரரு ஏறினாரு. ஷர்மிளா காலுல செருப்புக் கூட இல்லாம ஓடி வந்து ஏறுச்சு.

நானும் ஓடினேன். வண்டியோட பின்கதவைப் புடிச்சுக்கிட்டேன். மூச்சு வாங்குது. "அண்ணே, மாதையன் அண்ணே, ஆஸ்பத்திரியில கேட்டா எங்க தங்கியிருந்துச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க. ஊருலேருந்து இப்பத்தான் வந்துச்சுன்னு சொல்லுங்க. ஒரு தெருவோட பொழைப்புண்ணே"ன்னேன்.

அவருக்கு அது காதுல ஏறவே இல்ல. பொண்ணு மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு இருக்காரு.

ஜெபராஜ்தான் சொன்னாரு. "அக்கா, கையை எடுங்க. வண்டி கெளம்பணும்."

எடுத்துட்டேன்.

அப்புறம் என்ன? அவங்க சொல்லலைன்னாலும் டாக்டருங்க விடுவாங்களா? மறுநாளே ஜீப்பு. சுகாதாரத் துறை, யுனிவர்சிட்டி ஆளுங்க, ஊராட்சி ஆளுங்க. ஒவ்வொரு வீட்டுலயும் பாட்டில் பாட்டிலாத் தண்ணி எடுத்தாங்க. ரிசல்ட்டு வந்துச்சு. தெருவுல முக்கால்வாசி போரு கெட்டுப்போயிருக்காம். என்னோடது ரொம்ப மோசமாம். செப்டிக் டேங்கையும் போரையும் ஒட்டி ஒட்டி வெச்சிருக்கீங்களேன்னு அந்த ஆபீசரு என்னைத் திட்டறாரு. நான் கேட்டேன், "சார், இருக்கறது இவ்வளவு எடம். இதுல வீடும் இருக்கணும், முப்பது புள்ளைங்களும் இருக்கணும், டேங்கை எங்க கொண்டு போய் வெக்கறது? மதிலுக்கு அந்தப் பக்கம் எங்க நிலம் சும்மாதான் புல்லு மொளைச்சுக் கெடக்குது, அங்க வெக்கட்டுமா?" அவரு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு. மொதல்லயே இவங்க ஒரு குடிதண்ணி லைன் போட்டுக் கொடுத்திருந்தா இது நடந்திருக்குமா? மதிலுக்கு உள்ள காவிரித் தண்ணி ஓடுது. வெளியில இருக்கற நாங்க பூமியைத் தோண்டிக்கிட்டு இருக்கோம். இதையெல்லாம் யாரு கேட்டா?

அந்த வாரமே ஆர்டர் வந்துடுச்சு. வெளியில யாரும் தங்கக் கூடாது, எல்லாரும் ஹாஸ்டலுக்கு. அவங்க நெனைச்சது நடந்துருச்சு பாத்தீங்களா? புள்ளைங்க வாளி, மெத்தை, பொட்டி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு ரோட்டைத் தாண்டி அந்தக் கேட்டுக்குள்ள போனதை இங்க நின்னு பாத்தேன். என்னை ஒருத்தியும் திரும்பிப் பாக்கல. எத்தனை பேருக்குத் தலை பின்னி விட்டிருப்பேன்! அந்த வருஷம் பூரா இந்த வீடு எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க. ராத்திரி எங்க வீட்டுக்காரரு இருமினா ரெண்டாவது மாடியில எதிரொலிக்கும். தையக்கடை அக்கா போனது போனதுதான், திரும்பல. டீக்கடையில வெல்டிங் பட்டறை வந்துடுச்சு.

ஜெபராஜுக்கு என்ன ஆச்சு தெரியுமா? யுனிவர்சிட்டிக்காரங்களே கூப்பிட்டு ஹாஸ்டலுக்குள்ள ஜூஸ் கடை வெச்சுக் கொடுத்திருக்காங்க. எங்க மண்ணுல பொறந்தவங்க வெளிய, அவரு உள்ள. இது எந்த ஊரு நியாயம்?

அந்தப் பொண்ணா? இருக்கு, நல்லா இருக்கு. என்ன அப்படிப் பதறிட்டீங்க? ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. ஈரலு கெட்டுப்போச்சு, பொழைக்காதுன்னுதான் சொன்னாங்க. பொழைச்சுக்கிச்சு. அந்த வருஷப் படிப்பு போச்சு. இந்த வருஷம் திரும்பச் சேந்து ஹாஸ்டல்லதான் இருக்கு. கஞ்சித் தண்ணி கொடுத்துத் தாங்கினவ நான், அதுவும் சேந்துதானே பொழைச்சுது?

இந்த வருஷம் யுனிவர்சிட்டியில சீட்டை ஏத்திட்டாங்க. ஏழு மாடியும் ரொம்பி வழியுது. அதனாலதான் பெத்தவங்க எழுதிக் கொடுத்தா வெளியில தங்கலாம்னு மறுபடி விட்டிருக்காங்க. நானும் எல்லாம் சரி பண்ணிட்டேன். பெயிண்ட் அடிச்சாச்சு. கேமரா வெச்சாச்சு. கீழ ஃபில்டர் மாட்டியிருக்கேன். செப்டிக் டேங்கா? டேங்கை மாத்தணும்தான், மாத்தணும். அதுக்கு வீட்டையே இடிக்கணும்னா எப்படி? புள்ளைங்க வரட்டும், கொஞ்சம் கையில நிக்கட்டும், அப்புறம் மாத்திடுவேன்.

போன மாசம் நானே போய் அந்தப் பொண்ணை ஹாஸ்டல் கேட்டுல பாத்தேன். அதிரசம் சுட்டுக்கிட்டுப் போனேன். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடக் கூடாதாம், வாங்கிக்கல. இளைச்சுப் போய்த்தான் இருக்கு. நான் மனசுல இருந்ததைக் கேட்டுட்டேன். "மாதேஸ்வரி, நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. ஆன்ட்டி என்னை நல்லாப் பாத்துக்கிட்டாங்கன்னு நாலு பேருகிட்டச் சொன்னா, என் வீடு மறுபடி நெறைஞ்சிடும்."

அது என்னை நிமிந்து பாத்துச்சு. கோவமே இல்ல அந்த மூஞ்சியில. அப்புறம் என் போனை வாங்கி அதோட புது நம்பரை அதுவே பதிஞ்சு கொடுத்துச்சு. "ஆன்ட்டி, உங்க வீட்டுக்கு ரூம் பாக்க யாரு வந்தாலும் இந்த நம்பரைக் கொடுங்க. கிளாஸுல இருந்தாலும் எடுப்பேன். நானே பேசறேன்"னு சொல்லுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நாம செஞ்சது வீண் போகலைன்னு நெனைச்சுக்கிட்டே வந்தேன்.

இந்தாங்க, இதுதான் நம்பர். நான் சொல்றதை நம்ப வேண்டாம், அதுகிட்டயே கேளுங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு பேரு பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க, கொடுத்தேன். வெளியில போய் நின்னு பேசினாங்க. பேசிட்டு அப்படியே பஸ் ஏறிட்டாங்க, ஒரு வார்த்தை சொல்லிக்கல. வெயிலு, மாடி ஏறணும்னு பயந்துட்டாங்களோ என்னமோ. இந்தக் காலத்து ஆளுங்களுக்கு எது புடிக்கும், எது புடிக்காதுன்னே தெரியல.

நீங்க எந்திரிக்காதீங்க. இங்கயே உக்காந்து பேசுங்க. ரிங்கு போகுதா? ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கறேன்.